ப்ரீ-பிளான், புதன்கிழமை பதினொண்ணு

மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, வாட்டர் ஹீட்டர் என்று எதை வாங்கினாலும் பெட்டிக்குள் நாலாக மடித்த ஒரு தாள் இருக்கும். வாங்கியவர் யாரும் படிப்பதில்லை. அதைப் படிப்பதுதான் என் வேலை. அச்சுக்குப் போவதற்கு முன்னால் இங்கிலீஷ் பக்கங்களில் பிழை இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த வேலைக்கு என்று ஒரு முறை இருக்கிறது. தாளைக் கடைசி வரியிலிருந்து படிக்க வேண்டும். வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பார்க்க வேண்டும். முன்னாலிருந்து படித்தால் அர்த்தம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும், பிழை கண்ணில் படாது. சேர்ந்த அன்றைக்கே செக்‌ஷன் ஹெட் சொன்னார்: "அர்த்தத்தை வாங்குறவன் பார்த்துப்பான். நீ எழுத்தை மட்டும் பாரு." அதை நான் நன்றாகவே பழகிக்கொண்டேன். காலையில் பார்த்த தாள் என்ன மெஷினுக்கு என்று மத்தியானம் யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் மூன்றாவது வரியில் ஒரு கமா அதிகம் என்று சொல்வேன்.

என் தங்கை என்னைவிட ஐந்து வயது சின்னவள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். நாற்பத்தாறு வயதிலும் அதே பெயர்தான். நான் இருக்கும் ஊரிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரத் தூரத்தில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முன்பக்க கவுன்டரில் வேலை பார்த்தாள். வருகிறவர்களுக்கு டோக்கன் போட்டுக் கொடுத்து, எந்த டாக்டர், எந்த மாடி என்று சொல்லி அனுப்ப வேண்டும். நாளுக்கு இருநூறு பேரிடம் பேசுவாள். மாப்பிள்ளைக்குக் கண்ணாடித் தொழிற்சாலையில் உலைப் பக்கம் ஷிஃப்ட் வேலை. பிள்ளைகள் இல்லை.

பதினேழு வருடத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டுக்கு ஓவன் வாங்கினார்கள். நானும் போயிருந்தேன். வாலு அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இது நீ கையெழுத்துப் போட்டதா?"

"எங்க கம்பெனி இல்ல. ஏன்?"

"ப்ரீ-ஹீட் பண்ணுன்னு போட்டிருக்கான். சூடு பண்றதுக்கு முன்னாடியே எப்படி சூடு பண்றது? சூடு பண்ணுன்னா போதாதா?"

"போதும்தான். ப்ரீயை மொத்தமா வாங்கி வச்சுட்டான் போல, எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு ஒட்டிட்டான்."

"எங்க ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான். ப்ரீ-புக் பண்ணீங்களான்னு கேக்கச் சொல்றாங்க. புக் பண்றதே முன்னாடி பண்றதுதானே. வந்தப்புறம் பண்ணா அதுக்கு பேரு க்யூ."

மாப்பிள்ளை சிரித்து ஓவன் மேலேயே சாய்ந்துவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்தது அந்த விளையாட்டு. இப்படி வேண்டாத ஒட்டு ஒட்டிய வார்த்தை எங்கே காதில் விழுந்தாலும் மற்றவருக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். ஹலோ, எப்படி இருக்கே எல்லாம் கிடையாது. அந்த ஒரு வார்த்தை மட்டும். வாங்கியவர் ஒட்டைப் பிய்த்துப் போட்டு மீதியைத் திருப்பி அனுப்ப வேண்டும். அவள் 'ரீ-ரிட்டர்ன்' என்பாள், நான் 'ரிட்டர்ன்' என்பேன். நான் 'அன்-லூசன்' என்று அனுப்பினால் அவளிடமிருந்து 'லூசன்' வரும். ஒரு வார்த்தைக்கு மேல் எழுதினால் ஆட்டம் போச்சு. எட்டு மணி நேரத்துக்குள் பதில் வரவில்லை என்றாலும் போச்சு.

நல்ல விளையாட்டு என்றுதான் நினைத்தேன். அண்ணன் தங்கை இப்படித் தினமும் தொடர்பில் இருப்பது யாருக்கு வாய்க்கும் என்று ஆபீசில் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். என் மனைவிதான் ஒரு தடவை கேட்டாள்.

"உங்க தங்கச்சிக்கு முதுகு வலின்னாங்களே, இப்ப எப்படி இருக்காம்?"

"நல்லாதான் இருக்கா. காலையிலகூட மெசேஜ் வந்துச்சு."

"என்ன மெசேஜ்?"

"ரீ-ரிப்பீட்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த 'ரீ-ரிப்பீட்'தான் முதலாவது. பிப்ரவரி மாதம். வாலு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பவள், ஏதோ டாக்டர் ஏதோ நோயாளியிடம் டெஸ்ட்டைத் திரும்ப எடுக்கச் சொல்லியிருப்பார், இவள் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். பதினேழு வருடமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. 'ரிப்பீட்' என்று பதில் போட்டேன். சிரிக்கிற முகம் ஒன்றும் சேர்த்துப் போட்டேன்.

பத்து நாள் கழித்து 'ரீ-கன்ஃபர்ம்' வந்தது. நான் 'கன்ஃபர்ம்' என்று போட்டேன்.

அடுத்த வாரம் 'ப்ரீ-வார்ன்'. நான் 'வார்ன்'.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை. ரைஸ் குக்கர் தாள் ஒன்று அவசரமாக அச்சுக்குப் போக வேண்டும் என்று தலைமேல் நின்றுகொண்டிருந்தார்கள். போன் அதிர்ந்தது. 'ப்ரீ-பிளான். புதன்கிழமை பதினொண்ணு' என்று வாலு அனுப்பியிருந்தாள். நான் 'பிளான்' என்று போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். கீழே இன்னொன்றும் போட்டேன்: 'ரூல் மறந்துட்டியா வாலு? ஒரு வார்த்தைதான். நீ அவுட்.'

'சரிண்ணே' என்று வந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரைஸ் குக்கருக்குத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து வார்த்தைகள் குறைந்தன. நான் அனுப்பினால் பதில் வரும், அவளாக அனுப்புவதில்லை. தோற்ற கோபம் என்று நினைத்தேன்.

ஜூன் மாதம் ஒரு காலை, ஆபீசில் தேநீர் வந்த நேரத்தில் மாப்பிள்ளை கூப்பிட்டார். அவர் கூப்பிடுகிற ஆள் இல்லை.

"மச்சான், நீங்க எப்ப வர்றீங்க?"

"என்ன மாப்ளே, விசேஷமா?"

 அவருக்குப் பின்னால் உலைச் சத்தம் கேட்டது.

"அவளுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாயிருச்சு மச்சான். சாப்பாடு இறங்க மாட்டேங்குது. எனக்கே போன மாசம்தான் சொன்னா. நான் பயந்துடுவேன்னு மறைச்சுட்டாளாம். ஆனா உங்ககிட்ட முதல்லயே சொல்லிட்டேன்னாளே."

"என்கிட்டயா? என்ன சொன்னா?"

"எல்லாம் சொல்லிட்டேன், ஒவ்வொரு தடவையும் அண்ணனுக்கு மெசேஜ் போட்டுட்டேன்னா. நீங்க வராததுக்கு ஏதாவது காரணம் இருக்கும்னு நானும் கேக்கல."

கணையத்தில் கட்டி என்றார். ஜனவரியிலிருந்து என்றார். மேலே அவர் சொன்னது எதுவும் எனக்கு ஏறவில்லை. போனை வைத்துவிட்டு எங்கள் மெசேஜ்களைத் திறந்தேன். பிப்ரவரிக்குப் போய், அங்கிருந்து கீழே வரிசையாகப் படித்தேன். டெஸ்ட்டைத் திரும்ப எடுக்கச் சொன்னது அவளை. இன்னொரு லேபில் உறுதி செய்தது அவளுக்கு. எச்சரித்தது அவளைத்தான். ஒவ்வொன்றுக்கும் கீழே என் பதில் இருந்தது. ரிப்பீட். கன்ஃபர்ம். வார்ன். பிளான். நீ அவுட்.

ஸ்கேலும் பேனாவும் மேசைமேல் கிடக்க, அப்படியே எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

நேராக அவள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. வெறும் கையோடு போய் நிற்பதைவிட, ஆபரேஷனுக்கு நாள் வாங்கிக்கொண்டு போனால் அவள் முகத்தைப் பார்க்கலாம் என்று ஒரு எண்ணம். ஆஸ்பத்திரிக்குப் போனேன். முன்பக்க கவுன்டரில் அவள் நாற்காலியில் வேறு ஒரு பெண் இருந்தாள். வாலுவின் அண்ணன் என்று சொன்னதும் டோக்கன்கூடப் போடாமல் எழுந்து வந்து டாக்டர் அறை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் என் வயதுக்காரர். மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி போட்டிருந்தது.

"நீங்கதான் அந்த அண்ணனா?" என்றார்.

"எந்த அண்ணன் சார்?"

"மார்ச்ல ஒரு புதன்கிழமை உங்க தங்கச்சி இங்க வந்தாங்க. ஆபரேஷன் பண்றதா வேண்டாமான்னு முடிவெடுக்கற நாள். வீட்டு ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருந்தேன். தனியா வந்தாங்க. யார் வந்திருக்காங்கன்னு கேட்டேன். அண்ணன் வந்துட்டிருக்காரு, பஸ்ஸு லேட்டுன்னாங்க."

நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"பதினொண்ணே முக்கால் வரைக்கும் வெயிட் பண்ணோம். அந்த சேர்ல பையை வச்சுக்கிட்டு வாசலையே பார்த்துட்டிருந்தாங்க. அப்புறம் அவங்களே சொன்னாங்க, நீங்க விஷயத்தைச் சொல்லுங்க சார்னு. சொன்னேன். பெரிய ஆபரேஷன், பத்துல ஆறு பேர் நல்லா வர்றாங்க, மூணு மாசம் படுக்கையில இருக்கணும், கூட ஆள் வேணும்னு. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, வேண்டாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"இப்ப பண்ணலாம்ல சார். நான் வந்துட்டேன். மூணு மாசம் என்ன, ஆறு மாசம்கூட நான் கூட இருக்கேன். லீவு இருக்கு எனக்கு."

"அப்ப கட்டி ஒரு இடத்துல இருந்துச்சு. இப்ப ஈரலுக்குப் போயிடுச்சு. இனி கத்தி வைக்க முடியாது."

"எப்படியாவது."

"நான் அவங்ககூட ஒன்பது வருஷமா தினம் பேசறவன் சார். எப்படியாவதுன்னு ஒண்ணு இருந்தா நீங்க கேக்கற வரைக்கும் வச்சிருக்க மாட்டேன்."

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தரை துடைக்கிற அம்மா இரண்டு தடவை காலைத் தூக்கச் சொன்னார்.

வாலுவின் வீடு இரண்டாவது மாடி. கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. ஜன்னல் பக்கமாகக் கட்டிலைத் திருப்பிப் போட்டு, மூன்று தலையணையில் சாய்ந்திருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். கண் மட்டும் பெரிதாக, மஞ்சளாக இருந்தது. பக்கத்து ஸ்டூலில் மாத்திரைப் பட்டைகள், பாதி குடித்த சூப், நனைத்த துணி.

"வா அண்ணே. செருப்பைக் கழட்டிட்டு வா, இன்னைக்குத்தான் உங்க மாப்ள தரையைத் துடைச்சாரு. அண்ணி வரலையா?"

"அவளுக்கு இன்னும் சொல்லல."

"உனக்கே இன்னைக்குத்தான் தெரியும் போல."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். 

"ஏன் வாலு, ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"பண்ணத்தான் பார்த்தேன். இரண்டு தடவை நம்பரைக்கூட எடுத்தேன். எடுத்துட்டு என்ன பேசறதுன்னு தெரியல. யோசிச்சுப் பாரு, பதினேழு வருஷத்துல நாம போன்ல பேசினது எத்தனை தடவை? அம்மா செத்தப்ப ஒரு தடவை. உன் பையனுக்குக் கால் முறிஞ்சப்ப ஒரு தடவை. வேற எப்படிப் பேசறதுன்னே மறந்துபோச்சு அண்ணே. அந்த ஒத்தை வார்த்தையிலதான் நீ இருந்தே. அதுலயே சொன்னேன்."

"எனக்குப் புரியல. உன் காதுல விழுந்ததுன்னு நினைச்சேன்."

"என் காதுலதானே விழுந்துச்சு." சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. துணியை எடுத்து வாயைத் துடைத்துவிட்டேன். "முதல் மூணு தடவை நானும் ஒண்ணும் எதிர்பார்க்கல. யார்கிட்டயாவது சொல்லிட்டோம்னு ஒரு நிம்மதி, அவ்வளவுதான். நாலாவது தடவைதான் கிழமையும் மணியும் போட்டேன். ரூலை மீறினா நீ என்ன ஏதுன்னு கேப்பேன்னு நினைச்சேன்."

"அவுட்டுன்னு போட்டேன்."

"ஆமா."

"நீ என்னைத் திட்டியிருக்கணும்."

"திட்டினேன். அன்னைக்கு சாயங்காலம் இதே ஜன்னல்கிட்ட நின்னு உன்னைக் கேவலமாத் திட்டினேன். கீழ் வீட்டுக்காரம்மா யாரைன்னு எட்டிப் பார்த்தாங்க. மறுநாள் கோபம் போயிடுச்சு. உன்மேல எனக்கு ரொம்ப நேரம் கோபம் நிக்காது, உனக்கே தெரியும்."

அது தெரியும் என்பதுதான் தாங்க முடியவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சூடாக, ஈரமில்லாமல் இருந்தது.

"நான் டாக்டரைப் பார்த்துட்டுத்தான் வர்றேன்."

"ஓ," என்றாள். "அப்ப பஸ்ஸு லேட்டுன்னு சொன்னதையும் சொல்லியிருப்பாரு."

"சொன்னாரு."

"ஆளுக்கு வாயில எதுவும் நிக்காது. சும்மா சொன்னேன் அண்ணே. தனியா வந்திருக்கேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. தினம் இருநூறு பேர்கிட்ட, கூட யாரு வந்திருக்காங்கன்னு நான்தான் கேப்பேன்."

ஜன்னலுக்குக் கீழே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். உதைத்து உதைத்து, கடைசியில் தள்ளிக்கொண்டு போனார்கள். 

கேட்காமல் விட்டிருக்கலாம். அவள் இடத்தில் நான் இருந்தால் ஒரு பொய்யைச் சொல்லி அண்ணனைத் தேற்றியிருப்பேன். ஆனால் அவளிடம் ஒன்றையுமே கேட்காமல் பதினேழு வருடம் ஓட்டியவன் நான். இதையாவது கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"வாலு, ஒண்ணு கேக்கறேன். எனக்காகப் பூசி மெழுகாதே. நான் அன்னைக்கு வந்திருந்தா நீ வேண்டாம்னு கையெழுத்துப் போட்டிருப்பியா?"

 தலையணையில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"நீ சொல்லு முதல்ல. வந்திருந்தா நீ என்ன சொல்லியிருப்பே?"

"ஆபரேஷன் பண்ணிக்கோன்னு சொல்லியிருப்பேன். நீ வேண்டாம்னாலும் விட்டிருக்க மாட்டேன்."

"ம்," என்றாள். "அதைக் கேக்கத்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நானே சொல்லிக்கத் தைரியம் வரல. மூணு மாசம் யாரு பார்ப்பா, இவரு ரத்தத்தைப் பார்த்தா மயங்கி விழுவாரு, எதுக்கு எல்லாரையும் படுத்தணும், இப்படித்தான் ஓடுச்சு மனசு. யாராவது ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து, அதெல்லாம் நான் பார்த்துக்கறேன் நீ பண்ணிக்கோன்னு சொல்லியிருந்தா பண்ணிட்டிருப்பேன் அண்ணே. எனக்கு வாழணும்னுதான் இருந்துச்சு."

இதை அவள் அழாமல் சொன்னாள். கவுன்டரில் வழி சொல்வது போல, எந்த மாடி, எந்த அறை என்பது போலச் சொன்னாள். நான்தான் குனிந்து அவள் போர்வையில் முகத்தை வைத்துக்கொண்டேன். என் முதுகு குலுங்குவது எனக்கே தெரிந்தது.

கொஞ்ச நேரம் விட்டாள். பிறகு என் தலையில் தட்டினாள்.

"போதும் எழுந்திரு. நெஞ்சுல பாரம் வைக்காதே, எனக்கு மூச்சு முட்டுது. அந்த நடுத் தலையணையைக் கொஞ்சம் மேல ஏத்து."

ஏற்றினேன்.

"அவ்வளவு இல்ல. கொஞ்சம் கீழ. ஆங். வலது பக்கம் வலிக்குது, அதுக்கு அண்டை குடு."

போர்வையைச் சுருட்டி அண்டை கொடுத்தேன்.

"எங்க வலிக்குது?" என்று கேட்டேன். "எப்ப ஆரம்பிச்சுது? எல்லாம் சொல்லு."

"எல்லாமா?"

"ஆமா. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

"நீளமா இருக்கும்."

"இருக்கட்டும்."

அவள் ஜனவரியிலிருந்து ஆரம்பித்தாள். கவுன்டரில் குனிந்து பேனாவை எடுக்கும்போது முதுகில் குத்தியதை, சட்டை தொளதொளவென்று ஆனதை, கூட வேலை பார்ப்பவர்கள் டயட்டா என்று கேட்டதை, முதல் ரிப்போர்ட்டைப் பாத்ரூமில் நின்று பிரித்ததை. நடுவில் மூச்சு வாங்கியது, நிறுத்தினாள், திரும்பத் தொடர்ந்தாள். நான் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. ஏப்ரல் மாதத்துக்கு வரும்போது குரல் கம்மிவிட்டது. மீதியை நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் மஞ்சள் அதிகமாகி நினைவு தப்பிவிட்டது. மூன்று நாள் அப்படியே கிடந்தாள். மாப்பிள்ளை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். வெள்ளிக்கிழமை காலை போனாள். ஏப்ரலுக்குப் பிறகு அவளுக்கு என்னவெல்லாம் நடந்தது என்று எனக்குத் தெரியாது.